முதல் அட்டைக்கு விழுந்த அடி

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகள், அதாவது ஆட்டக்காரர்களின் படம் போட்டு பபிள்கம்முடன் பாக்கெட்டில் விற்றவை, 20 டாலருக்குக் கிடைத்தன. எல்லாம் 1990-ஆம் ஆண்டு அட்டைகள். பாதிப் பாக்கெட்டுகளைப் பிரிக்கவே இல்லை. இத்தனை வருஷப் பழசு சும்மா போகுமா என்று மனக்கணக்குப் போட்டபடியே அட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் திறந்து பார்த்தார், மூடினார். "வீட்டில் குழந்தைகள் இருந்தால் கொடுத்துவிடுங்கள்" என்றார். அந்தக் காலத்தில் கம்பெனிகள் அட்டைகளை அச்சடித்துத் தள்ளினவாம். வாங்கியவர்களும் பின்னால் விலையேறும் என்று உறை பிரிக்காமல் பூட்டி வைத்தார்கள். ஊரே பூட்டி வைத்திருக்கும் பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, டாப்ஸ் என்ற அட்டைக் கம்பெனி 1952-இல் வெளியிட்ட வரிசையின் முதல் அட்டையை எடுத்துக் காட்டினார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் சகாப்தம் என்று சொல்ல முடியாது. அட்டையின் இரு ஓரங்களிலும் நடுவில் எலி கடித்ததுபோல் சின்னப் பள்ளம். சிறுவர்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பாண்டு போடுவார்கள். மேலே இருக்கும் பாஃப்கோவின் இடுப்புதான் நசுங்கும். அதனால்தான் பழுதில்லாத பாஃப்கோ அட்டை அவ்வளவு அபூர்வம். அப்படி ஒன்று 1998-இல் 80,000 டாலருக்கும் மேல் போயிருக்கிறது!

அதே வரிசையில் 311-ஆம் எண் மிக்கி மாண்டில். இவர் சகாப்தமேதான். கடைசி எண்கள் தாமதமாக வந்து விற்காமல் தேங்கியதால், டாப்ஸின் சை பெர்கர் 1960 வாக்கில் அவற்றைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார். வேடிக்கை என்னவென்றால், மாண்டில் அட்டை அச்சுத்தாளில் இரண்டு இடத்தில் இருந்தது. அதனால் பக்கத்து எண்கள் பலவற்றைவிட அதுதான் அதிகம். ஆனால் 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது அவர்தான். மற்றவர்களை யார் தேடுகிறார்கள்?

அன்று மாலை மகளுடன் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிரித்தேன். உள்ளே இருந்த பபிள்கம் காய்ந்து தூளாகி, கடைசி அட்டையின் முதுகில் பழுப்புக் கறையாக ஒட்டியிருந்தது. மகள் ஊதித் தட்டி, எண் வரிசையில் அடுக்கி, ரப்பர் பாண்டு போட்டாள். நான் தடுக்கவில்லை.