பதினான்கு வாரம் வீணாய்ப் போன கதை

மகள் பிறந்தபோதே நெற்றியிலிருந்து இடது மேல் இமை வரை பீட்ரூட் சாறு பூசியதுபோல் மச்சம். கிரகணத்தன்று நான் வெளியே போயிருப்பேன் என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டாம் மாதம் அந்தக் கண்ணில் நீர் வடிந்தது. ஊர் டாக்டர், "கண்ணீர் நாள அடைப்பு, மூக்கோரம் நீவிவிடுங்கள்" என்றார். ஆறு வாரம் நீவினேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வாசலுக்குத் தூக்கிப் போனால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வெளிச்சம் கூசுகிறது என்று தோன்றவே இல்லை. ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்ததை "முட்டைக்கண்ணி" என்று கொஞ்சினோம்.

14ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, மச்சத்தைப் பார்த்ததும் குழந்தை மருத்துவர் கேட்டார்: "கண் அழுத்தம் பார்த்தாயிற்றா?" மேல் இமையில் இந்த மச்சம் என்றால் ஸ்டர்ஜ்-வெபர் (பிறவியிலேயே வரும் ரத்தக் குழாய் நோய்) சந்தேகமும் கிளாக்கோமா (கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) பயமும் உடனே வர வேண்டுமாம்.

மதுரைக் கண் மருத்துவமனைக்கு முதல் பயணம் வீண். கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுத்துத்தான் முழுமையாகச் சோதிப்பார்கள். "குழந்தை மருத்துவர் கடிதம் எங்கே?" என்றார் கவுன்ட்டர் ஊழியர், தலை நிமிராமல். ஸ்டர்ஜ்-வெபரில் மூளை ரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டு வலிப்பு வரலாம், எனவே கேட்டது நியாயம்தான். முந்தைய நாள் போனில் "பழைய சீட்டு போதும்" என்றதும் இதே குரல்தானே!

அடுத்த முறை கடிதத்தோடு போனோம். தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். புட்டிப்பால் என்றால் ஆறு மணி நேரம். ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, பத்தாகியும் கூப்பிடவில்லை. பசியில் அவள் என் சேலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். நர்ஸிடம் நேரே போய், "கைக்குழந்தைகளை முதலில் எடுக்கக் கூடாதா?" என்றேன். பத்தே நிமிடத்தில் அழைத்தார்கள். வாய் திறந்து கேளுங்கள்.

இடது கருவிழி 13 மில்லிமீட்டர், வலது பத்தரை. இடது கண் அழுத்தம் 28, இருக்க வேண்டியதைவிட அதிகம். அதைக் குறைக்க அறுவை சிகிச்சை என்றார்கள். விழித்திரைக்குப் பின்னால் ரத்தக் குழாய்க் கட்டியும் இருந்ததால், அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே நீர் கோக்கலாம், ரத்தம் கசியலாம் என்று எச்சரித்தே கையெழுத்து வாங்கினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலிப்பு இதுவரை இல்லை.

போன மாதம் மருந்துக் கடையில், டாக்டர் எழுதிய கண் சொட்டு இல்லை என்று, பிரிமோனிடின் என்ற மருந்து கலந்த வேறொன்றை நீட்டினார்கள். இரண்டு வயதுக்குள் அதை ஊற்றினால் குழந்தை மயங்கிப்போகலாம், மூச்சே நிற்கலாம். பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நான்காவது கடையில் சரியான சொட்டு கிடைத்தது.