கஞ்சாச் செடிக்கு மருந்தடிக்காதீர்கள்

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிவரை வளர்க்கலாம். கியூபெக்கில் அதற்கும் தடை, ஒன்ராறியோவில் 19 வயது ஆனவர்கள் வளர்க்கலாம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இது குற்றம், இந்தப் பதிவு அங்கே உதவாது. ஸ்காபரோப் பக்கம் எங்கள் ஆட்களிலும் நிலவறையில் ஒரு மூலையை ஒதுக்கி, கூடாரம் கட்டி, விளக்குப் போட்டு வளர்க்கிறவர்கள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். நானும் வளர்க்கிறேன், அண்ணாவின் முதுகு நோவுக்காக. இதை வளர்க்கிற யாரைச் சந்தித்தாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "பூச்சி வந்திட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?"

பூ வந்துவிட்டதென்றால் எதையும் அடிக்காதீர்கள். இயற்கை மருந்து என்று போத்தலில் எழுதியிருந்தாலும் அடிக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். கத்தரிக்காயைக் கழுவலாம், தோல் சீவலாம், கொதிக்க வைக்கலாம். கஞ்சாப் பூவை யாரும் கழுவுவதில்லை. அதைக் காயவைத்து நெருப்பு வைத்து நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள், இல்லையென்றால் எண்ணெயாக வடிக்கிறார்கள். எண்ணெயாக்கும்போது செடியின் சத்து மட்டும் செறிவதில்லை, ஒட்டிக்கிடந்த மருந்தும் சேர்ந்துதான் செறிகிறது. 2016 கடைசியிலும் 2017இலும் இங்கே மருத்துவக் கஞ்சாவைச் சந்தையிலிருந்து திருப்பி எடுக்க வேண்டி வந்தது. காரணம் மைக்ளோபூட்டானில் என்ற பூஞ்சணக் கொல்லி. திராட்சைத் தோட்டங்களில் அனுமதியோடு அடிக்கிற மருந்துதான், ஆனால் எரித்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வருகிறது. 2019 ஜனவரியிலிருந்து உரிமம் பெற்ற நிறுவனங்கள் 96 பூச்சிமருந்துகளுக்குச் சோதித்த பிறகுதான் விற்கலாம் என்று ஆனது. நம் வீட்டு நிலவறையில் வளர்வதை அப்படிச் சோதித்துப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. அதனால் அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

வேம்பு? எனக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்கு முதலில் கை போவது அங்கேதான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, வெயில் தாழ அடிப்பது நம்மிடம் இருக்கிற அருமையான முறை, கத்தரிக்கும் வெண்டிக்கும் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. கஞ்சாவுக்கு அது சரிவராது. எண்ணெயும் கசப்பும் பூவின் பிசினோடு ஒட்டினால் பிறகு எதைச் செய்தும் போகாது. தவிர, கனடாவில் வேப்பெண்ணெய் பூச்சிமருந்தாகப் பதிவாகவில்லை, கடைகளில் இலைக்கு மினுக்கம் தரும் எண்ணெய் என்ற பெயரில்தான் நிற்கிறது. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் அப்படியே. பூவில் மிளகாய் படிந்தால் அதை இழுக்கிறவரின் தொண்டையை நினைத்துப் பாருங்கள்.

சரி, எதிரி யார் என்று பார்ப்போம். வீட்டுக்குள் வளர்ப்பவருக்குப் பெரிய எதிரி சிலந்திப் பேன். அது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால், சிலந்தியின் சொந்தம், ஆகவே பூச்சிக்கென்று விற்கிற பல மருந்துகள் அதை ஒன்றும் செய்வதில்லை, அதைத் தின்கிறவற்றை மட்டும் கொன்றுவிட்டுப் போகும். இலையின் மேல்பக்கத்தில் ஊசி முனையால் குத்தியது போல வெளிர் புள்ளிகள் தெரிந்தால் உடனே இலையைத் திருப்பி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் அந்தச் சின்ன லென்ஸால் நடு நரம்புக்குப் பக்கத்தில் பாருங்கள். வெளிர்மஞ்சள் உடம்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்பொட்டு, அதைச் சுற்றி கண்ணாடி மணிபோல உருண்டை முட்டைகள், உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள். கண்ணுக்கு நூலாம்படை தெரியும்வரை காத்திருந்தால் பிந்திவிட்டது. சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். 27, 30 பாகை செல்சியஸில் முட்டை ஒரு வாரத்திலேயே முட்டையிடும் பேனாகிவிடும், ஒரு பெண் பேன் நூறு முட்டை அளவில் இடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடா வீடு, அதற்குள் விளக்குச் சூட்டில் ஒரு கூடாரம், இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் வீடுகளில் பெரும்பாலும் கறிவேப்பிலைச் சாடியிலிருந்து. கோடை முழுக்க வெளியில் நின்ற கறிவேப்பிலையும் செவ்வரத்தையும் செப்ரெம்பர் கடைசியில் குளிருக்குப் பயந்து உள்ளே வருகின்றன, அவற்றோடு இவையும் வருகின்றன. கறிவேப்பிலையை இதற்காக யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். வேறு அறையில் வையுங்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றிய உடுப்போடு கூடாரத்துக்குள் போகாதீர்கள், அவ்வளவுதான். மற்ற வழி, நண்பர் அன்பாகத் தந்த வெட்டுத்தண்டு. யார் தந்தாலும் இரண்டு வாரமாவது தனியாக வைத்து லென்ஸால் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். பேனைத் தின்னும் பேன் இருக்கிறது. பைட்டோசீலஸ் பெர்சிமிலிஸ் என்று பெயர், செம்மஞ்சள் நிறம், பேரிக்காய் வடிவம், சிலந்திப் பேனைவிட வேகமாக ஓடும். சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஓர்க்கிட் செடிகளில் 1950களின் கடைசியில் இதைக் கவனித்தார்கள், பிறகு வெள்ளரித் தோட்டக்காரர்களின் கண்ணாடிக் கூடங்களில் பரவி உலகமெல்லாம் போனது. இங்கே ஒன்ராறியோவில் லீமிங்டன் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கும் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் வெள்ளரியும் மிளகாயும் காய்ப்பது இப்படிப்பட்ட உயிர்களை நம்பித்தான். அவர்களுக்கு விற்கிறவர்கள் எங்களுக்கும் சின்னப் போத்தலில் விற்கிறார்கள், உமியோ மரத்தூளோ மாதிரி ஒன்றோடு கலந்து வரும், இலைமேல் தூவிவிட வேண்டியதுதான். ஒரு நாளைக்கு ஐந்து வளர்ந்த பேனையோ இருபது முட்டையையோ தின்றுவிடும். தூவி ஒரு வாரம் போனதும் லென்ஸால் பார்த்தால், முன்பு முட்டையாகக் கிடந்த இடத்தில் உறிஞ்சி எறிந்த கோதுகள் கிடக்கும், நடுவில் இவை ஓடித்திரியும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, விற்கிறவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. பெர்சிமிலிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், குறைந்தால் அதன் முட்டை வற்றிப்போகும். கஞ்சா பூத்த பிறகு அவ்வளவு ஈரப்பதம் வைத்தால் நெருக்கமான பூவுக்குள் சாம்பல் பூஞ்சணம் பிடித்து உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும், அங்கே 40, 50 சதவீதம்தான் நல்லது. ஆக பெர்சிமிலிஸ் இலை வளரும் காலத்து ஆள். பூக்கும் காலத்துக்கு நியோசீலஸ் கலிஃபோர்னிகஸ் என்று இன்னொன்று, வறட்சியையும் சூட்டையும் தாங்கும், இரை குறைந்தாலும் பட்டினி கிடந்து சமாளிக்கும். இதைச் சின்னக் காகிதப் பையாக வாங்கிக் கொப்பில் கொழுவி விடலாம். பைக்குள் தவிட்டோடு அவற்றுக்குச் சாப்பாடாக வேறு பேனும் இருக்கும், நாலைந்து வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும். இந்தச் சாப்பாடு முக்கியம். மற்றத் தோட்டங்களில் இவை மகரந்தத்தைத் தின்று காலம் தள்ளும், நாங்கள் வளர்ப்பது பெண் செடி மட்டும், மகரந்தமே கிடையாது. ஆகவே பேன் வந்த பிறகு பை தேடாதீர்கள், செடியைப் பூக்க வைக்க விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாற்றும் அன்றைக்கே கொழுவுங்கள்.

பேன் ஏற்கெனவே மலிந்துவிட்டது, பூ இன்னும் வரவில்லை என்றால் முதலில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பூச்சிக்கென்று விற்கும் பொட்டாசியம் சவர்க்காரக் கரைசல் போதும், பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது இலையைச் சுடும். விளக்கு அணைந்த பிறகு இலையின் அடிப்பக்கம் முழுக்க நனைகிற மாதிரி அடியுங்கள், மேல்பக்கம் அடித்துப் பிரயோசனமில்லை. ஈரமாக இருக்கும்போது உடம்பில் பட்டால்தான் சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் மூன்று நான்கு நாள் இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து இலை காய்ந்த பிறகு வேட்டைப் பேனை விடுங்கள். மாற்றிச் செய்தால் காசு கொடுத்து வாங்கியவற்றை நீங்களே கொன்றதாக முடியும்.

அடுத்தது மண்ணிலிருந்து கிளம்பும் சின்னக் கறுப்புக் கொசு, ஃபங்கஸ் நாட். பறக்கிறது ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் வேர்மயிரைத் தின்னும். புழு இருக்கிறதா என்று அறிய உருளைக்கிழங்கில் ஒரு துண்டு வெட்டி மண்மேல் வைத்துவிட்டு இரண்டொரு நாளில் திருப்பிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது வந்ததென்றால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை ஊற்றாதீர்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே முடியும். மிச்சத்துக்கு ஸ்டைனர்நீமா ஃபெல்ட்டியே என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து, வெளிச்சம் குறைந்த நேரம் பார்த்து, மண்ணில் ஊற்றலாம். அல்லது ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற மண்வாழ் வேட்டைப் பேன். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை, புதுச் சாடி நிரப்பும்போதே தூவிவிட்டால் அங்கேயே குடியிருந்து, இலைப்பேன் (திரிப்ஸ் என்கிற சின்னப் பூச்சி, சிலந்திப் பேன் வேறு) கூட்டுப்புழுவாக மண்ணில் விழும்போது அதையும் பிடிக்கும்.

இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டை தொங்கவிட்டுக் கவனியுங்கள், குக்குமெரிஸ் என்ற வேட்டைப் பேன் பை போடுங்கள். மற்றவற்றுக்கு மஞ்சள் அட்டை. அசுவினி வந்த கொப்பை அப்படியே வெட்டிப் பையில் கட்டி வெளியே எறிந்துவிடுங்கள், மிச்சத்துக்கு அதைத் துளைத்து உள்ளே முட்டையிடும் அஃபிடியஸ் குளவி கிடைக்கிறது. பொறிவண்டு மட்டும் வாங்காதீர்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கலிபோர்னிய மலைகளில் குளிருக்கு ஒடுங்கிக் கிடப்பதை அள்ளிக்கொண்டு வருவது, கூடாரத்துக்குள் விட்டால் நேரே விளக்கில் போய் மோதும். காட்டில் இருக்க வேண்டியதைப் பிடித்து வந்து இப்படிச் சாக விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேனைக் கண்டால்? பாதித்த இலைகளைக் கிள்ளுங்கள், அறையின் சூட்டை இரண்டு மூன்று பாகை குறையுங்கள், பேனின் பெருக்கம் மந்தமாகும். நூலாம்படை பூவுக்கு ஏறுகிறதென்றால் நாலு நாள் முந்தியே வெட்டுங்கள். கொஞ்சம் விளைச்சல் குறையும், குறையட்டும். பேன் புகுந்து நூல் கட்டிய பூவை எண்ணெய்க்கென்று ஒதுக்கி வைக்காமல் எறியுங்கள். வெட்டி முடிந்ததும் கூடாரத்தின் மடிப்பு, சிப், மின்விசிறியின் கம்பி எல்லாவற்றையும் துடையுங்கள், அடுத்த செடிக்கான பேன் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குளிர்காலத்தில் வேட்டைப் பேன்களை வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனி ஞாயிறு ஏதோ ஒரு களஞ்சியத்தில் உறைந்து கிடக்கும். பொதி வந்ததும் வாசலில் விடாமல் உள்ளே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டி லென்ஸால் பாருங்கள். ஓடினால் அன்றைக்கே தூவுங்கள், ஓடாவிட்டால் விற்றவரைக் கூப்பிட்டு மாற்றுப் போத்தல் கேளுங்கள்.