சீல் விழும் சத்தம்

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் 15 ஆண்டுகளாகச் சண்டைக் காட்சிகளுக்கு எஃபெக்ட்ஸ் சேர்க்கும் வேலை பார்க்கிறேன். திரையில் விழும் ஒரு குத்துக்குப் பின்னால் மூன்று நான்கு ஒலிகள் அடுக்கப்பட்டிருக்கும்: தோல் ஜாக்கெட்டின் மீது ஓங்கி அறைந்த ஒலி, மணல் மூட்டை தரையில் விழுந்த அதிர்வு, துணி காற்றைக் கிழிக்கும் ஒலி, எலும்பு முறிய வேண்டுமென்றால் ஈரத்துணியில் சுற்றி முறித்த கேரட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துச் சிரித்த 'ஹாட் ஃபஸ்' படத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோது, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது முதன்முறையாகப் புரிந்தது.

எட்கர் ரைட் இயக்கி 2007இல் வெளிவந்த ஆங்கிலப் படம் அது. சக காவலர்களைவிட 400 சதவீதம் அதிகமான கைதுகளைச் செய்து மற்றவர்களைச் சங்கடப்படுத்துகிறார் என்பதற்காகவே நிக்கலஸ் ஏஞ்சல் என்ற லண்டன் அதிகாரி, குற்றமே நடக்காததாகச் சொல்லப்படும் சிற்றூருக்கு மாற்றப்படுகிறார். அவர் அங்கே போய்ச் சேரும் பயணமும், காவல் நிலையத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவதும், துப்பாக்கிச் சண்டைக்குரிய வேகத்தில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. காகிதம் புரளும் ஒவ்வொரு முறையும் ஆயுதத்தைக் கையில் எடுப்பதைப் போன்ற கனத்துடன் ஒலி வந்து விழுகிறது. அந்த ஒலியில் கேலி துளியும் இல்லை. ஒரு நிஜமான ஆக்‌ஷன் படத்தில் எவ்வளவு அக்கறையோடு செய்வார்களோ அவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள், அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி, பாய்ந்தபடியே சுட்டதுண்டா என்று ஏஞ்சலிடம் கூட்டாளி டேனி ஆசையோடு கேட்பார். ஆக்‌ஷன் படங்களைப் பார்த்தே வளர்ந்த அவருடைய அந்தக் கேள்வியை முதன்முறை வெறும் நகைச்சுவையாகக் கடந்துவிட்டேன். பிற்பாதியில் ஏஞ்சல் அதையே செய்யும்போது, கேலி செய்யப்பட்ட காட்சி முழு மரியாதையுடன் திரும்பி வருகிறது. தான் எந்த வகைப் படம் என்பதை நன்றாகவே அறிந்திருக்கும் படம் அது. அறிந்திருந்தும் அந்த வகையை ஓர் இடத்திலும் இளக்காரமாக நடத்தவில்லை. படம் பிடிக்கப்பட்ட வெல்ஸ் நகரம் ரைட் வளர்ந்த ஊர். அங்குள்ள பேராலயம் கதையின் சிற்றூருக்குப் பெரிதாகத் தெரியும் என்று அதைக் கணினியில் அழித்திருக்கிறார்கள் என்றால், ஒரு நகைச்சுவைப் படத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

நான் மறுபடி பார்த்ததற்குக் காரணம் அப்போது கையிலிருந்த வேலைதான். ரேஷன் கடையில் நடக்கும் ஒரு நகைச்சுவைச் சண்டை. ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிரிங் துள்ளும் ஒலியும் விசில் ஒலியும் போடச் சொல்லியிருந்தார்கள், நாங்களும் போட்டிருந்தோம். போட்டுக் கேட்டால் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பார்ப்பவர் சிரிப்பதற்கு முன்பே ஒலி முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அந்த டிராக்குகளை எல்லாம் மியூட் செய்தேன். குத்துகளுக்கு வழக்கமான சண்டைப் படத்தின் முழு அடுக்கையும் கொடுத்தேன். சண்டை தொடங்குவதற்கு முன்பு கடை ஊழியர் நிதானமாகப் பதிவேட்டில் சீல் குத்துவார். அதற்கு, மர மேசையில் ரப்பர் சீலை அழுத்திய ஒலியின் கீழே இரும்புக் கதவின் தாழ்ப்பாள் விழும் ஒலியைச் சேர்த்தேன். அதில்தான் இரண்டு மணி நேரம் போயிற்று, ஏனென்றால் தாழ்ப்பாள் சிறிது கூடினாலும் சிறைக் கதவு போலவும், குறைந்தால் வெறும் சீல் போலவும் கேட்டது.

மறுநாள் இயக்குநர் வந்து பார்த்தார். சீல் விழுந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த இடத்த இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். இம்முறை சீல் விழுவதற்கு முன்பே அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.