மாலையில் எடுத்த ரத்தமும் மறுத்துவிட்ட ஊசியும்

டெஸ்டோஸ்டீரான் பரிசோதனைக்குக் கிளம்பும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஆண்களின் அந்தப் பாலியல் ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். இது தெரியாமலோ, தெரிந்தே சொல்லாமலோ, ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய ஓர் ஊசியை எனக்குப் போடப் பார்த்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு வயது 61. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஆசை குறைந்தது, விறைப்பு நிலைக்கவில்லை, எந்நேரமும் அசதி. "டாக்டரிடமே கேட்டுவிடலாம், வாருங்கள்" என்று என் மனைவிதான் கிளப்பிக்கொண்டு போனாள்.

மதுரையில் ஒரு தனியார் கிளினிக். வரவேற்பில் இருந்தவர், "என்ன பிரச்சினை என்று சொன்னால்தான் டோக்கன் போட முடியும்" என்றார், கூடமே திரும்பிப் பார்க்கும் குரலில். "ஹார்மோன்" என்றேன். "எந்த ஹார்மோன்? தைராய்டா?" விடவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வந்த எத்தனை பேர் அந்த மேசையிலிருந்தே வீடு திரும்பினார்களோ! இப்போதெல்லாம் நான் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த அதே வாரம், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவனிடம், மாலை ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு 238. "குறைவு. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி" என்று உடனே சீட்டும் எழுதியாயிற்று. புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பார்க்கவில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட்டும் பார்க்கவில்லை. என் வயதில் இவ்விரண்டையும் பார்க்காமல் அந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டிவரும். நர்ஸாக இருக்கும் தம்பி மகளுக்குப் போன் செய்தேன். "பெரியப்பா, போட்டுக்கொள்ளாதீர்கள், எழுந்து வாருங்கள்" என்றாள். வந்துவிட்டோம்.

அடுத்துப் பார்த்த என்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் நிபுணர் அம்மா முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். உடம்பு நன்றாகத் தேறிய பிறகு, வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை ரத்தம் கொடுக்கச் சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்து மாத்திரையில் பயோட்டின் இருந்தது. அது சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவைப் பிசகச் செய்யும் என்று முன்கூட்டியே நிறுத்தினார்.

லேப்பில் ஒரு காலை வீணானது. கதவு ஏழு மணிக்கே திறந்துவிட்டது, ரத்தம் எடுக்கும் பெண்தான் வரவில்லை. "பதினொன்றரைக்கு எடுத்துவிடலாம் ஐயா, எல்லாம் ஒன்றுதான்" என்றார் பில் போடுபவர். ஒன்றல்ல என்று சொல்லிவிட்டுப் பசியோடு திரும்பினேன். அடுத்த முறை பில்லில், மொத்த அளவைக் காட்டும் டோட்டல் டெஸ்டோஸ்டீரானுக்குப் பதில், புரதத்தோடு ஒட்டாத பங்கை மட்டும் காட்டும் ஃப்ரீ டெஸ்டோஸ்டீரான் என்று போட்டிருந்தார்கள். பணம் கட்டும் முன் படித்துப் பார்த்து மாற்ற வைத்தேன். பில்லைப் படிக்காமல் கையை நீட்டாதீர்கள்.

வந்த முடிவுகள் 341, 356. அறிகுறிகளோடு, இரண்டு காலைப் பரிசோதனைகளிலும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் அளவுகோல். எனக்கு ஊசி தேவையே இல்லை! படியிறங்கும்போதே தம்பி மகளுக்குப் போன் போட்டோம்.

உண்மையான காரணம் சர்க்கரை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். அதனால் ஈசிஜி, டிரெட்மில் இரண்டும் எடுக்கச் சொன்னார் அந்த அம்மா. நல்லபடியாக வந்தன. பிறகுதான் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை எழுதினார், அதுவும் "நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு. சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நண்பர்களிடம் இதை நான் இப்போது வலியப் போய்ச் சொல்கிறேன். இருவர் வாங்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போயிருக்கிறார்கள்.