பட்டியலில் சிதறிக் கிடந்த சிவத்தம்பி

இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழில் முடித்த பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. தலைப்புத்தான் பிடிபடவில்லை. வெளிநாட்டு இதழ்களைப் பார்த்தால் நூலளவையியல் (வெளியீடுகளை எண்ணி அளந்து ஆராய்வது), ஆய்வுத் தரவு மேலாண்மை, செயற்கை நுண்ணறிவு என்று போகிறார்கள். நூலளவையியலுக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வைக்கும் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள் தேவை. தமிழ் நூல்களைப் பற்றி அவற்றில் எவ்வளவு கிடைக்கும்? நான் வேலை செய்வது வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை நூலகத்தில்.

என்னைப் படிப்பித்த மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். "பிள்ளைகள் தேடிக் கிடைக்காமல் போற புத்தகம் எது எண்டு பாருங்கோ. அதிலயிருந்து தொடங்குங்கோ" என்றார். கட்டுரைக்கு வழி திறந்தது அந்தப் பேச்சில்தான்.

எங்கள் நூற்பட்டியல் கோஹா என்ற நூலக மென்பொருளில் இருக்கிறது. ஈழத்துத் தமிழறிஞர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் நூல்களைத் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் 'கா. சிவத்தம்பி', இன்னோரிடத்தில் 'சிவத்தம்பி, கா.', வேறோரிடத்தில் முழுப்பெயர், ஆங்கில நூல்களில் ஆங்கில எழுத்தில். ஒரே மனிதர் பல ஆசிரியர்களாகப் பிரிந்து கிடந்தார். நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவமைப்பில் அதிகாரக் கோப்பு என்று ஒன்று உண்டு, ஒருவரின் பெயர் வடிவங்களை ஒன்றுசேர்க்கும் பதிவுகள் அவை. அதில் 100ஆம் புலத்தில் ஒரு பெயரை நிலைநிறுத்தி, மற்ற வடிவங்களை 400ஆம் புலத்தில் சேர்த்தால் எல்லாம் ஓரிடத்துக்கு வந்துவிடும். வகுப்பில் படித்ததுதான். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு உட்கார்ந்து செய்பவர்கள் குறைவு.

எழுத்துப் பிரச்சினை இதைவிட ஆழமானது. பழைய பதிவுகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றினால்தான் தேடலில் வரும். மாற்றிய பிறகும் சில நூல்கள் வரவில்லை. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் உருவாக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்துகளை இயல்பாக்காமல், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல், ஒப்பிடும் தேடலுக்கோ அவை வேறு வேறு. கொழும்பு என்று தொடங்கும் தலைப்பு தேடலில் ஏன் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கட்டுரையின் நடுப்பகுதி முழுக்க இதற்கே போனது, போகத்தான் வேண்டும்.

அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பிள்ளைகளின் பெயரைப் பதியாமல், அவர்கள் தேடிய சொற்களை மட்டும் சேகரித்தேன். முந்தைய ஆய்வுகளுக்கு இலங்கை ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் பெரிய துணை. உள்நாட்டு இதழ்களை இலவசமாக வாசிக்கலாம். மற்றவற்றுக்குக் கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூலகம். மேற்கோள்களை ஸொடேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் வைத்தேன். அதில் ஒரு குறிப்பு: ஆசிரியர் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளில் போடாமல் ஒற்றைப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லையே.

அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் ஒருமுறை திரும்பி வந்தது. நூல்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தேன் என்பதை விளக்கச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. எழுதிச் சேர்த்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் ஒன்று நடந்தது, அதுதான் எனக்குக் கூடுதல் சந்தோஷம். திருத்திய பெயர்ப் பதிவுகளை மார்க் கோப்பாகக் கேட்டு வேறு பாடசாலை நூலகர்கள் வந்தார்கள். கோஹாவிலிருந்து ஏற்றுமதி செய்து கொடுத்தேன். அவர்களிடம் உள்ள பெயர்களையும் சேர்த்து, இப்போது ஈழத்து எழுத்தாளர்களுக்கான அதிகாரக் கோப்பு ஒன்றைக் கூட்டாகச் செய்துகொண்டிருக்கிறோம்.