கத்தரி விதையும் புளியங்கொட்டையும்: என் விளையாட்டின் மூன்றாம் வடிவம்

உயிரித் தொழில்நுட்பத்துக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் எவ்வளவு கனமான பொறுப்பு என்பதை ஆடுகிறவர்கள் உணர வேண்டும் என்று நான் வடிவமைத்துவரும் சிமுலேஷன் விளையாட்டை, சென்ற ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் மூன்றாம் முறையாக ஆடிப் பார்த்தோம்.

புழுவைக் கொல்லும் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பி.டி. கத்தரிக்காயைக் களமாக எடுத்துக்கொண்டேன். 2009 அக்டோபரில் இந்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதித்த அப்பயிரை, ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அதை அனுமதித்தது. அதனால் சரியான விடை என்று ஒன்றை விளையாட்டுக்குள் நான் ஒளித்துவைக்கவில்லை.

முதல் வடிவத்தில் அனுமதித்தவருக்கு மட்டுமே ஆபத்து அட்டை வந்தது. மறுத்தவர் எதையும் இழக்காததால் எல்லோரும் மறுத்தே வென்றார்கள். இது பெரும் பிழை. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காகக் கத்தரிக்குத் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு பருவமும் மருந்தடிக்கும் கூலியாளின் உடம்பைத் தொடுகிறது. ஆகவே இரண்டாம் வடிவத்தில், ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் கூலியாளின் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும் என்று விதித்தேன்.

இம்முறை மகரந்தக் கலப்பை, அதாவது பி.டி. கத்தரியின் மகரந்தம் பக்கத்து வயலின் நாட்டுக் கத்தரியில் சேர்ந்து அதன் விதை கலந்துபோவதை, சேர்த்தேன். நாட்டுக் கத்தரி விதையைக் காத்துவரும் உழவராக ஆடியவர், தேனீ வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. என் அட்டையிலிருந்த தேனீப் படத்தைப் பார்த்ததும், கத்தரிப் பூவை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதில் கருவண்டுதான் கெட்டி என்று திருத்தினார். வயல்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் கலப்பே நேராது என்ற என் விதியைப் படித்துவிட்டு, "மக்கா, வண்டு நீ போட்ட கோட்டப் பாத்தா பறக்கும்?" என்று கேட்டார். கத்தரி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது என்றாலும் அயல் மகரந்தமும் ஓரளவு சேரும் என்பதால், இடைவெளி கூடக்கூடக் கலப்பின் வாய்ப்பு குறையும்படி பகடையை மாற்றினேன்; முற்றிலும் இல்லாமலாக்கவில்லை.

ஆட்டத்தில் அவருடைய விதை கலந்துபோனபோது, ஈடாக எத்தனை கொட்டை தருவது என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த இழப்புக்கு எண் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, முடிவெடுப்பவர் தம் காரணத்தைத் தாளில் எழுதி, பாதிக்கப்படுபவரின் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று விதித்தேன். ஒப்புதல் குழுத் தலைவராக ஆடிய என் அக்கா நான்கு வரி எழுதினார். மூன்றாம் வரியில் நிறுத்தி, அதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அடுத்ததாக, தந்த அனுமதியைத் திரும்பப் பெறும் அட்டையை எழுதுகிறேன். 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு பின்னாளில் எதிர்த்து நின்றதுதான் அதற்கு முன்மாதிரி.