இரவுக் கடமைக் குறிப்புகள்

ஜனவரி 9

ஐந்தாம் கட்டிலில் மட்டக்களப்பின் படுவான்கரை விவசாயி ஒருவர். எலிக்காய்ச்சல் முற்றி வந்திருக்கிறார். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஐம்பது கிலோ உடம்பு. மணிக்கு 25 மில்லிலீற்றர் சிறுநீராவது இறங்க வேண்டும். பத்து மணிக்கு அளந்தால் 12, பதினொன்றுக்கு 8. மூச்சு நிமிடத்துக்கு 34. சேலைன் மட்டும் மாலையில் எழுதிய வேகத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை, நுரையீரலிலும் இரத்தம் கசியும். அந்த நெஞ்சில் மேலும் நீர் சேர்ந்தால் என்னவாகும் என்பது பயிற்சித் தாதிக்கும் தெரியும்.

"சேலைனைக் குறைக்க வேண்டும்" என்று நான் சொல்லவில்லை. "இதே வேகத்தில் விடவா டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"குறைத்துவிடுங்கள் மிஸ்."

டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில், அவருடைய கையெழுத்து. நல்ல பிள்ளை, குறிப்பறிகிறவர்.

ஜனவரி 11

அமெரிக்க மனநல மருத்துவர் லெனார்ட் ஸ்டைன் இந்த ஆட்டத்தை 1967-இலேயே எழுதிவிட்டார். தாதி ஆலோசனை சொல்ல வேண்டும், சொன்னதாகத் தெரியக்கூடாது. வைத்தியர் அதன்படி நடக்க வேண்டும், நடந்ததாகத் தெரியக்கூடாது. 1990-இல் அவரும் சகாக்களும் மீண்டும் எழுதியபோது, தாதியர் ஆட்டத்தை விட்டு விலகுகிறார்கள் என்றார்கள். அந்தச் செய்தி இன்னும் எங்கள் ஊர்க் கல்லடிப் பாலத்துக்கு வந்து சேரவில்லை.

ஆள் நிறைந்த பகலில் இந்த நாசூக்கால் பெரிய கேடில்லை. குறிப்பறியாத ஒருவர் இரவு இரண்டு மணிக்குக் கடமையில் இருக்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. பிறகு விசாரணை என்று வந்தால், "மிஸ் சொல்லவில்லையே" என்பார். அதுவும் பொய்யில்லை, நாங்கள் கேட்கத்தானே செய்தோம்.

ஜனவரி 15

பொங்கல். பாதிப் பேர் லீவு. எங்கள் பொறுப்புத் தாதி, சிஸ்டர், வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தார், ஆறிப்போன பிறகுதான் சாப்பிடக் கிடைத்தது.

இரண்டாம் கட்டில் முதியவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. இனி மீள வழியில்லை. நிபுணர் சிங்களவர், மனிதர் தங்கம். ஆனால் அவருக்குத் தமிழ் வராது, குடும்பத்துக்குச் சிங்களம் வராது. நடுவில் நான். "இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தப்போவதில்லை" என்பதை நான் சொல்லும் விதத்தில்தான் அந்தக் குடும்பம் கேட்கப்போகிறது. அவருடைய நான்கு வசனங்களை நான் ஒன்றாகச் சுருக்கினாலும், என் சொந்த அபிப்பிராயத்தை ஐந்தாவதாகச் சேர்த்தாலும் அந்த அறையில் கண்டுபிடிக்க ஆளில்லை. தாதிக்கு அதிகாரமே இல்லை என்று புலம்புகிற என் தோழிகள் இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், நீங்கள் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா?"

வீட்டில் வைத்துத்தான் உயிர் போக வேண்டும் என்று கிழவர் முன்பே சொல்லியிருந்தாராம். பார்வையாளர் நேரத்தில் மகன் அதை எங்களில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டில் அது இல்லை. அது வைத்தியர்கள் எழுதும் டிக்கெட். கட்டிலருகே கேட்டது அதில் ஏறுவதில்லை. கேள்வியை அப்படியே நிபுணரிடம் திருப்பினேன், மகன் சொன்னதையும் சேர்த்து. இந்த முறை கேள்வியாக அல்ல. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேச்சு முடிய நெடுநேரமாயிற்று. மாலையில் கொண்டுபோனார்கள்.

ஜனவரி 21

ஐந்தாம் கட்டில்காரர் தானாக மூச்சு விடுகிறார். மீன்குழம்பு கேட்கிறார்.

கழுத்து நாளத்தில் குழாய் போடும்போது தாதி பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்று நிபுணர் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். கை கழுவுதல், கிருமிநீக்கி, முழு உடம்புக்கும் விரிப்பு, தொப்பி, முகக்கவசம் எல்லாம். ஒன்று தவறினாலும் நிறுத்தலாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வைத்தியர் பீட்டர் புரொனோவொஸ்ட் தொடங்கியது இது. மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்து பார்த்தார்கள். ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளியிடம் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூச்சியமாயிற்று என்று 2006-இல் வெளியிட்டார்கள். பட்டியலில் புதுமை எதுவும் இல்லை. நிறுத்தச் சொன்ன தாதியின் பின்னால் மேலிடம் நின்றதே, எனக்கு அதுதான் புதுமை.

இன்று மூத்த வைத்தியர் ஒருவர் தொப்பியில்லாமல் தொடங்கப் பார்த்தார். நிறுத்தினேன்.

"எத்தனை வருடமாகப் போடுகிறேன் தெரியுமா மிஸ்?"

"அப்படியென்றால் இன்னும் ஒரு நிமிடம் பொறுக்கலாம் சேர்" என்றார் சிஸ்டர், பின்னாலிருந்து.

தொப்பி ஏறியது. பிறகு சிஸ்டரிடம் போய், தன் கடமை நேரத்தில் வேறொரு மிஸ்ஸைப் போடச் சொல்லியிருக்கிறார். ஆளில்லை என்று சிஸ்டர் கையை விரித்துவிட்டார்.